குருவி அழகாக இருந்தது, படம் ஏன் அப்படி வரவில்லை? வெட்டும்போதும் பின்னணியைத் திருத்தும்போதும் வரும் கோளாறுகள்

பினாங்குத் தீவின் பாலிக் பூலாவில் சுங்கை பூரோங் வயல் பக்கம் குருவிகளைப் படமெடுக்கப் போய்விட்டு வந்த அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை இராத்திரி நாற்பது படம் அனுப்பினான். கூடவே ஒரு வரி: "மாமா, பஞ்சுருட்டான் பக்கத்துலயே உட்கார்ந்துச்சு, ஆனா எடிட் பண்ணப் பண்ண படம் மோசமாகுது, எங்க தப்பு பண்றேன்?" பதில் எழுத உட்கார்ந்தேன், அது நீண்டுகொண்டே போனது. இதே கேள்வியை வேறு பலரும் கேட்டிருப்பதால் எல்லோருக்குமாகவே எழுதிவிட்டேன். உங்கள் படத்தில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

அதற்கு முன் வரிசை பற்றி ஒரு வார்த்தை. பாதிக் கோளாறு வேலையை முன்பின்னாகச் செய்வதால் வருகிறது. ரா கோப்பில் (கேமரா சுருக்காமல் அப்படியே பதிந்த கோப்பு) தொடங்குங்கள். முதலில் நாய்ஸ் (படத்தில் மணல்போல் தெரியும் புள்ளிகள்) நீக்குவது, அப்புறம் வெளிச்சமும் நிறமும், அப்புறம் வெட்டு (கிராப்), அதன் பிறகு பின்னணி, பிறகு எங்கே போடப்போகிறோமோ அந்த அளவுக்குச் சிறிதாக்குவது, கடைசியாக ஷார்ப்னிங், அதாவது கூர்மையாக்குவது. ஷார்ப்னிங்கை முதலில் போட்டுவிட்டு மற்றதெல்லாம் செய்தால் கூர்மையாக்கிய புள்ளிகளையே மறுபடி மறுபடி கூர்மையாக்கிக்கொண்டிருப்போம். அசல் கோப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள்.

வெட்டினால் குருவி மங்கலாகிறது

முதலில் கணக்குப் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் 6000க்கு 4000 பிக்சல். குருவி அந்த அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் என்றால் அதன் உடம்பு முழுவதற்கும் கிடைப்பது 600 பிக்சல். அலகு, கண், இறகு எல்லாம் அதற்குள்தான். அகலத்திலும் உயரத்திலும் பாதிப்பாதி வெட்டினால் மிஞ்சுவது கால்வாசி, அதாவது 3000க்கு 2000. கைப்பேசியில் பார்க்க இது தாராளம், 12க்கு 8 அங்குலத்தில் அச்சடித்தால் அங்குலத்துக்கு 250 பிக்சல் வரும், அதுவும் நன்றாகவே இருக்கும். அதற்கும் மேல் வெட்டினால் அச்சை மறந்துவிட வேண்டியதுதான்.

கணக்கு சரியாக இருந்தும் மங்கல் என்றால் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள், கண்ணை மட்டும். கண்ணின் ஓரம் தெளிவாக இருந்து மேலே மணல் தூவியதுபோல் இருந்தால் அது நாய்ஸ், சரிசெய்யலாம். கண் மங்கலாக இருந்து பின்னால் இருக்கும் புல் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தப்பிவிட்டது. எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. கிளை தெளிவாகவும் குருவி மட்டும் இழுபட்டும் இருந்தால் குருவி அசைந்திருக்கிறது, ஷட்டர் வேகம் போதவில்லை. இந்தக் கடைசி மூன்றுக்கும் கணினியில் நேர்மையான மருந்து கிடையாது. செயற்கை நுண்ணறிவை வைத்துக் கூர்மையாக்கும் மென்பொருள்கள் ஒரு தெளிவான கண்ணையும் இறகையும் போட்டுக் கொடுக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த இறகுக் கோடுகள் அந்தக் குருவியுடையவை அல்ல, மென்பொருள் ஊகித்து வரைந்தவை. நான் அதைச் செய்வதில்லை.

நாய்ஸ்தான் கோளாறு என்றால், வெட்டுவதற்கு முன்பே நீக்குங்கள். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் 2023 ஏப்ரலில் வந்த டீநாய்ஸ் என்ற வசதி ரா கோப்பில் மிக நன்றாக வேலை செய்கிறது. ஸ்லைடரைப் பாதிக்குக் கீழேயே நிறுத்துங்கள். முழுக்கத் தள்ளினால் மார்பு இறகு மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். நாய்ஸ் கொஞ்சம் மிஞ்சினாலும் பரவாயில்லை, மெழுகு வேண்டாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, வெட்டாமலே விடுவது. பெனாகா வயலில் தண்ணீர் கட்டியிருக்கும் நேரத்தில் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக இறங்கும். ஒரு நாரையைப் பிடித்து வெட்டி வெட்டி 500 பிக்சலில் நிறுத்துவதைவிட, வரப்பும் தண்ணீரில் விழும் வானமும் அதற்குள் சின்னதாக நாரையுமாக அப்படியே விட்ட படம் எத்தனையோ மடங்கு மேல். குருவி சின்னதாக இருப்பது பிழையில்லை. குருவியைச் சுற்றி இருப்பது ஒன்றும் சொல்லாமல் கிடந்தால்தான் வெட்ட வேண்டும்.

வெட்டியபின் படம் மூச்சுமுட்டுகிறது

குருவி பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் படச் சட்டத்தின் ஓரம் குருவியை ஒட்டும்படி வெட்டியிருப்பீர்கள். குருவி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் இடம் விடுங்கள். பறக்கும் செம்பருந்து என்றால் முன்னால் இன்னும் தாராளமாக. வால் நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு தலை அளவாவது இடைவெளி வேண்டும். வாலையோ காலையோ பாதியில் வெட்டுவதாக இருந்தால் தைரியமாக மார்போடு வெட்டி முகப்படமாக ஆக்கிவிடுங்கள். வால் நுனியில் ஒரு விரல் அகலம் மட்டும் போய்விட்ட படம் எப்போது பார்த்தாலும் உறுத்தும்.

மூன்றில் ஒரு பங்கு விதியை (படத்தை மூன்றாகப் பிரிக்கும் கோட்டில் குருவியை வைப்பது) எல்லோரும் சொல்வார்கள், தொடக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் கிளையையும் பாருங்கள். கிளை சட்டத்தின் மூலையிலிருந்து கிளம்பி குருவியிடம் கொண்டுபோய் விட்டால் கண்ணும் அதோடு போகும். கிளை எங்கிருந்தும் வராமல் நடுவில் தொடங்கினால் குருவி அந்தரத்தில் நிற்கும். நாரை, கொக்கு தண்ணீரில் நின்றால் பிம்பத்தைப் பாதியில் வெட்டாதீர்கள், முழுதாக வையுங்கள், இல்லையென்றால் முழுதாக எடுத்துவிடுங்கள். தண்ணீர் விளிம்பு சாய்ந்திருந்தால் முதலில் அதை நேராக்குங்கள். சாய்வை நேராக்கும்போது ஓரங்கள் கொஞ்சம் போகும், வால் வேறு அதில் மாட்டிக்கொள்ளும், அதனால் வெட்டுவதற்கு முன் நேராக்குவதே நல்லது.

பின்னணி கத்துகிறது, குருவி தொலைந்துவிடுகிறது

நம் ஊரில் அதிகம் வரும் கோளாறு இதுதான். பினாங்குப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள், 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டிப் போனால் வருவது. அங்கே குண்டுகரிச்சான் நடைபாதைக்குப் பக்கத்திலேயே வந்து பாடும். ஆனால் பின்னால் இலைகளுக்கு நடுவே வானம் வெள்ளை வெள்ளையாக எட்டிப் பார்க்கும், யாரோ சிவப்புச் சட்டை போட்டு நடப்பார்கள், மஞ்சள் குப்பைத் தொட்டி ஒன்று தவறாமல் இருக்கும். நம் கண் முதலில் வெளிச்சத்துக்குப் போகும், அடுத்து அழுத்தமான நிறத்துக்கு, குருவியிடம் கடைசியாகத்தான் வரும்.

பின்னணியை மாற்ற வேண்டாம், அதன் குரலைக் குறைத்தால் போதும். செய்முறை இது. லைட்ரூமில் செலக்ட் சப்ஜெக்ட் கொடுத்துக் குருவியைத் தேர்ந்தெடுங்கள் (இப்படித் தேர்ந்தெடுத்த பகுதிக்குத்தான் மாஸ்க் என்று பெயர்), பிறகு இன்வெர்ட் செய்தால் பின்னணி மட்டும் தேர்வாகும். வெளிச்சத்தை அரை ஸ்டாப் (எக்ஸ்போஷர் ஸ்லைடரில் 0.5) குறையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஹைலைட்டை, அதாவது மிக வெளிச்சமான பகுதிகளை, நன்றாக இறக்குங்கள், வெள்ளைப் பொட்டுகள் அதிலேயே பாதி அடங்கும். நுண்விவரத்தைத் தூக்கிக் காட்டும் கிளாரிட்டி, டெக்ஸ்சர் இரண்டையும் 20, 30 அளவுக்கு மைனஸ் பக்கம் கொண்டுபோங்கள். பச்சையின் அடர்த்தியைக் கொஞ்சம் குறையுங்கள். நம் காட்டுப் பச்சை கேமராவில் எப்போதும் ஒரு படி தூக்கலாகத்தான் விழுகிறது.

அதற்குப் பிறகும் அடங்காத வெள்ளைப் பொட்டுகளை ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்து, பக்கத்து இலையின் நிறத்துக்கு வரும்வரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முழுக்க எரிந்த வெள்ளையாக, அதாவது விவரமே பதியாத வெள்ளையாக இருந்தால் குறைக்கும்போது சாம்பலாக மாறும், அது வெள்ளையைவிட அசிங்கம். அப்போது மட்டும், பக்கத்து இடத்தைக் கொண்டு மூடிவிடும் ஹீலிங் பிரஷ்ஷை எடுங்கள். கைப்பேசியில் செய்பவர்களுக்கு ஸ்னாப்சீட் போதும், பிரஷ்ஷில் வெளிச்சத்தைக் குறைக்கலாம், ஹீலிங்கும் இருக்கிறது, இலவசம்.

பின்னணியை மங்கலாக்கலாமா என்று கேட்டால், கொஞ்சமாக, யோசித்துச் செய்யுங்கள். குருவி தரையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் கால் இருக்கும் இடத்தில் புல் தெளிவாக இருக்கும், அதே தூரத்தில் இடது பக்கமும் வலது பக்கமும் இருக்கும் புல்லும் தெளிவாகத்தான் இருக்கும். பின்னால் போகப்போகத்தான் மங்கும். லென்ஸ் அப்படித்தான் வேலை செய்கிறது. நீங்கள் குருவியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மங்கலாக்கினால், கால் பதிந்த தரையும் மங்கிவிடும், குருவி காற்றில் மிதக்கும். கிரேடியன்ட் மாஸ்க் (படிப்படியாகக் கூடும் மாஸ்க்) போட்டு, காலடியில் பூஜ்ஜியமாகத் தொடங்கி மேலே போகப்போக மங்கலைக் கூட்டுங்கள். குருவி உட்கார்ந்திருக்கும் கிளையும் மாஸ்க்குக்கு வெளியே இருக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த முறை எடுக்கும்போது இரண்டு அடி தள்ளி நின்று பாருங்கள், அல்லது முழங்காலிட்டு உட்காருங்கள். குருவிக்குப் பின்னால் இருக்கும் புதர் பக்கத்தில் இல்லாமல் இருபது மீட்டர் தள்ளிப் போனாலே லென்ஸ் அதை வெண்ணெய்போல் மங்கலாக்கிவிடும். ஒரு மணி நேர எடிட்டிங் அந்த இரண்டு அடியில் மிச்சம்.

வெட்டி ஒட்டியதுபோல் தெரிகிறது

இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். குருவியின் ஓரம் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் இருக்கும், அல்லது சுற்றிலும் ஒரு வெள்ளை வளையம் சாமி படத்து ஒளிவட்டம்போல் ஓடும். இரண்டுக்கும் காரணம் மாஸ்க்கின் ஓரம்.

ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன். துடுப்புவால் கரிச்சான், பூங்காவில் எடுத்தது. அதன் வாலில் இருபுறமும் நீளமாக ஒரு கம்பிபோல் நரம்பு மட்டும் போய், நுனியில் ஒரு துடுப்பு தொங்கும். செலக்ட் சப்ஜெக்ட் உடம்பைச் சரியாகப் பிடித்தது. துடுப்புகளையும் பிடித்தது. நடுவில் இருக்கும் அந்த மெல்லிய கம்பியை விட்டுவிட்டது. நான் அதைக் கவனிக்காமல் பின்னணியை இருட்டாக்கி, டெக்ஸ்சரைக் குறைத்தேன். கம்பி இரண்டும் பின்னணியோடு கரைந்துபோய், குருவிக்குக் கீழே சம்பந்தமே இல்லாமல் இரண்டு கறுப்பு இலைகள் தொங்குவதுபோல் ஆகிவிட்டது. அந்தப் பறவையின் பெயருக்கே காரணமான அங்கம் அதுதான்.

சரிசெய்த விதம்: மாஸ்க்கைச் சிவப்பு மேற்பூச்சில் காட்டச் சொல்லி, 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, அலகிலிருந்து தொடங்கி உடம்பின் ஓரமாகவே ஒரு முழுச் சுற்று கண்ணால் நடந்தேன். விடுபட்ட கம்பியை மூன்று பிக்சல் பிரஷ்ஷால், ஃபெதரை (பிரஷ் ஓரத்தின் மென்மையை) குறைத்துக்கொண்டு, சின்னச் சின்னக் கோடாகத் தொட்டுச் சேர்த்தேன். நீளமாக ஒரே இழுப்பில் வரைய வேண்டாம், கை நடுங்கும். பத்து நிமிட வேலைதான், கரிச்சான் முழுப் பறவையாகத் திரும்பி வந்தது.

இந்தச் சுற்றில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்: அலகு முகத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் மீசை மயிர் (ஈப்பிடிப்பான்களுக்கு இது நிறைய உண்டு, மங்கலாக்கினால் முதலில் காணாமல் போவது இதுதான்), கொண்டை, கால் விரலுக்கும் கிளைக்கும் நடுவே இருக்கும் இடுக்கு, வயிற்றடியில் பஞ்சுபோல் நிற்கும் இறகு. பஞ்சு இறகின் ஓரத்தைக் கூர்மையான மாஸ்க்கால் வெட்டவே கூடாது. அங்கே ஃபெதரைக் கூட்டி, உண்மையான ஓரத்துக்குக் கொஞ்சம் வெளியே கொண்டுபோய் விடுங்கள். அலகுக்கும் நகத்துக்கும் நேர்மாறாக, ஃபெதர் மிகக் குறைவாக. ஒரே படத்தில் ஒரே அளவு ஃபெதர் எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

வெள்ளை வளையம் மாஸ்க்கால் வந்ததா ஷார்ப்னிங்கால் வந்ததா என்று தெரியவில்லையென்றால் மாஸ்க்கை அணைத்துப் பாருங்கள். வளையம் போய்விட்டால் மாஸ்க், ஓரத்தை உள்ளேயோ வெளியேயோ நகர்த்துங்கள். போகவில்லையென்றால் ஷார்ப்னிங். லைட்ரூமில் ஷார்ப்னிங்குக்குக் கீழே மாஸ்க்கிங் என்று ஒரு ஸ்லைடர் உண்டு, ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே அதை நகர்த்தினால் படம் கறுப்பு வெள்ளையாக மாறும், வெள்ளையாகத் தெரியும் இடம் மட்டும்தான் கூர்மையாகும். பின்னணி முழுக்கக் கறுப்பாகும்வரை நகர்த்துங்கள். வளையம் ஊதாவாகவோ பச்சையாகவோ இருந்தால் அது லென்ஸின் நிறப்பிசகு, டீஃப்ரிஞ்ச் கருவியால் அந்த நிறத்தைத் தொட்டால் போய்விடும். வானத்துக்கு எதிரே கம்பியில் உட்கார்ந்த மீன்கொத்தியில் இது நிறைய வரும்.

முகத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி

குச்சி உடம்புக்கு வெளியே, பின்னணியில் மட்டும் ஓடினால் எடுப்பது எளிது. போட்டோஷாப்பில் புதிய லேயரில், ஹீலிங் பிரஷ்ஷால், குச்சியைத் துண்டு துண்டாக. குருவியின் ஓரத்தை நெருங்கும்போது ஹீலிங்கை விட்டுவிட்டு, இன்னோர் இடத்தை அப்படியே நகலெடுக்கும் குளோன் ஸ்டாம்புக்கு மாறுங்கள், ஏனென்றால் ஹீலிங் பக்கத்து நிறத்தையும் இழுத்துக் கலக்கும், குருவியின் நிறம் பின்னணிக்குள் கறைபோல் வழியும். குளோன் செய்யும்போது மாதிரி எடுக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரே இலை ஐந்து இடத்தில் முளைக்கும்.

குச்சி முகத்தின் மேலேயே ஓடினால் நான் எடுப்பதில்லை. அதன் அடியில் இருக்கும் இறகை யாரும் பார்க்கவில்லை, நிரப்பினால் அது கற்பனை. ஒரு கட்டளை எழுதினால் நிரப்பித் தரும் கருவிகள் இப்போது பல மென்பொருள்களில் வந்துவிட்டன, வீட்டுச் சுவரில் மாட்ட உங்கள் விருப்பம். ஆனால் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிவாக ஏற்றுவதாகவோ போட்டிக்கு அனுப்புவதாகவோ இருந்தால் எதையும் சேர்க்கவும் நீக்கவும் கூடாது. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியின் விதியும் அதுதான், வெட்டலாம், வெளிச்சம் நிறம் அளவோடு திருத்தலாம், சென்சார் தூசியைத் துடைக்கலாம், படத்தில் இருந்த பொருளை எடுக்க முடியாது.

இதை எழுதும்போது இன்னொன்றும் மனதில் வருகிறது. படத்தில் குச்சி வராமல் இருக்கக் கூட்டைச் சுற்றியுள்ள இலையையும் கிளையையும் ஒடித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த இலைதான் குஞ்சுகளுக்கு வெயிலிலிருந்தும் காக்கையிடமிருந்தும் மறைப்பு. தயவுசெய்து செய்யாதீர்கள். குச்சியோடு கூடிய படம் போதும்.

வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறது

ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384. சீரான நீல வானத்தை ஜேபெக்கில் வைத்துக்கொண்டு இருட்டாக்கினால் படிகள் பிரிந்து பட்டையாகத் தெரியும். ராவிலிருந்து தொடங்குங்கள், போட்டோஷாப்புக்குப் போனால் 16 பிட்டில் வையுங்கள். அப்படியும் லேசாகத் தெரிந்தால் வானத்துக்கு மட்டும் கொஞ்சம் கிரெய்ன் (செயற்கையான மணல் புள்ளிகள்) தூவுங்கள், பட்டை கரைந்துவிடும்.

கொக்கு வெறும் வெள்ளைத் துணியாகத் தெரிகிறது

தெலுக் ஆயர் தாவார் சேற்றில் கொக்கு எடுத்தால் இது நிச்சயம். சேறு கறுப்பு, கேமரா அதைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கு எரிந்துவிடும். ரா கோப்பில் ஹைலைட்டை இறக்கிப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் இறகுக் கோடு கொஞ்சம் திரும்பி வரும். மூன்றும் போயிருந்தால் அங்கே தகவலே இல்லை, எவ்வளவு இறக்கினாலும் வெள்ளைத் துணி சாம்பல் துணியாகும், அவ்வளவுதான். அடுத்த முறை கேமராவில் வெளிச்ச ஈடு (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) மைனஸ் 0.7இலிருந்து மைனஸ் 1க்குள் வைத்து எடுங்கள். சேறு இருண்டுபோகும், பரவாயில்லை, பின்னணி தானாக அடங்கியதாகவே வைத்துக்கொள்ளலாம்.

குருவி மேல் பச்சை படிந்திருக்கிறது

செபராங் பிறைப் பக்கம் ஆயர் ஹீத்தாம் டாலாம் காட்டில் பலகைப் பாதையில் நின்று எடுத்தவர்களுக்கு இது தெரியும். மேலே இலைக்கூரை, அதன் வழியாக வரும் வெளிச்சமே பச்சை. பிட்டா என்ற குருவியின் வயிறும் தொண்டையும் பாசி பிடித்ததுபோல் இருக்கும். படம் முழுவதற்கும் டின்ட்டை (பச்சைக்கும் மெஜன்டாவுக்கும் நடுவே நிறத்தை நகர்த்தும் ஸ்லைடர்) மெஜன்டா பக்கம் தள்ளினால் குருவி சரியாகும், காடு ஊதாவாகும். அதனால் குருவியை மட்டும் மாஸ்க் செய்து, டின்ட்டைச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். குருவியில் வெள்ளையோ சாம்பலோ இருக்கும் ஓர் இடத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க வெள்ளையாக்க வேண்டாம், ஒரு துளிப் பச்சை இருக்கட்டும், அந்தக் காட்டுக்குள் அது அப்படித்தான் இருந்தது.

தேன்சிட்டின் கழுத்து கறுப்பாகவே வருகிறது

இது பிழையே இல்லை. ஆண் தேன்சிட்டின் கழுத்தில் மின்னும் நீலம் சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்பும் கோணத்தால் வருகிறது. கோணம் தவறினால் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் நீலம் ஒளிந்திருக்கவில்லை, ஷேடோவை, அதாவது இருண்ட பகுதியைத் தூக்கினால் நாய்ஸ்தான் எழும்பி வரும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, அது தலையைத் திருப்பத் திருப்பத் தொடர்ந்து அழுத்துங்கள். இருபதில் ஒன்றில் நீலம் வரும், அந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் படம் நெளிகிறது

குருவி அசையாமல் நின்றது, ஷட்டர் வேகமும் போதும், ஆனால் கண்ணின் ஓரம் இரட்டையாக, பின்னணி புழு நெளிந்ததுபோல். தொடர்ந்து எடுத்த பத்துப் படத்தில் ஒன்று கொஞ்சம் தெளிவு, அடுத்தது மோசம் என்று மாறி மாறி வந்தால் அது கானல், சூடான காற்றின் அலை. சேற்றுவெளி, வயல், கார்ப் பாதை எல்லாவற்றிலும் பகலில் எழும்பும். மென்பொருளால் ஒன்றும் ஆகாது, புது லென்ஸ் வாங்கினாலும் ஆகாது. இங்கே சூரியன் ஏழு, ஏழரைக்குத்தான் எழுகிறது, அங்கிருந்து ஒன்பது ஒன்பதரைக்குள் எடுத்துவிடுங்கள். காருக்குள் ஏர்கானைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக எடுத்தாலும் இதே நெளிவு வரும், ஏர்கானை அணைத்து, ஜன்னலை முழுக்க இறக்கிக் கொஞ்ச நேரம் விட்டு எடுங்கள்.

கணினியில் அழகு, அச்சில் இருட்டு, வாட்ஸ்அப்பில் குழப்பம்

12க்கு 18 அங்குலத்தில் மீன்கொத்தி ஒன்றை அச்சடித்து வாங்கினேன், பின்னணி முழுக்கக் கரி. கடைக்காரர் தப்பு என்று நினைத்துக்கொண்டு திரும்பப் போனேன். அவர் தன் திரையில் திறந்து காட்டினார், அங்கேயும் கரிதான். என் மடிக்கணினியின் வெளிச்சம் முழு அளவில் இருந்திருக்கிறது, அந்த வெளிச்சத்தை நம்பி நான் பின்னணியை இருட்டாக்கிக்கொண்டே போயிருக்கிறேன். அன்றிலிருந்து எடிட் செய்யும்போது திரை வெளிச்சத்தைப் பாதியில் வைக்கிறேன், கண்ணை நம்பாமல் ஹிஸ்டோகிராமையும் (இருட்டு முதல் வெளிச்சம் வரை எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம்) பார்க்கிறேன், பெரிய அச்சுக்கு முன் 4க்கு 6இல் ஒன்று போட்டுப் பார்க்கிறேன்.

நிறம் மட்டும் வெளிறித் தெரிந்தால் எக்ஸ்போர்ட் செய்யும்போது எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற முறையைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். அடோபி ஆர்ஜிபியில் விட்டால் பல திரைகளில் மஞ்சளும் பச்சையும் செத்துப்போகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நசுக்கிவிடும், இத்தனை நேரம் பார்த்துப் பார்த்துச் செய்த இறகின் ஓரம் எல்லாம் கட்டம் கட்டமாகும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அக்கா மகன் அந்த நாற்பதையும் படமாகத்தான் அனுப்பியிருந்தான். பஞ்சுருட்டான் தும்பியை வாயில் வைத்திருக்கும் பதினேழாவது படத்தின் ரா கோப்பை மட்டும் மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், நான் பார்த்தவரை அதன் கண் தெளிவாகத்தான் இருக்கிறது.